‘ஏர்த் ஏஞ்சல்’: மதிப்பெண் போட்டது யார், எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய குழுப்பாடல்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பெங்குவின்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினக் குழுவின் ‘ஏர்த் ஏஞ்சல்’ பாட்டு (1954) வெளியானபோது விமர்சகர்கள் அதை மட்டம் தட்டியதாகச் சொல்கிறது. அந்த முடிவு சரியல்ல.

அன்று இத்தகைய இசைத்தட்டுகளை எடைபோட்டவை பெரும்பாலும் ‘பில்போர்டு’, ‘கேஷ் பாக்ஸ்’ போன்ற வணிக இதழ்களே. பில்போர்டு தட்டின் இரு பக்கங்களுக்கும் தனித்தனியே நூற்றுக்கு மதிப்பெண் போட்டது. 80க்கு மேல் மிக நன்று, 70க்கு மேல் நன்று, 40 முதல் 69 வரை பரவாயில்லை. கடையிலும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸிலும், வானொலியிலும் எவ்வளவு போகும் என்ற கணிப்புதான் அது. பாட்டின் தரத்துக்குத் தந்த தீர்ப்பு அல்ல. கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் பெரும்பாலும் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற தனிப் பகுதியில்தான் வரும். பாப் பகுதியை மட்டும் புரட்டினால் கண்ணில் படாது. போதாததற்கு, டூட்டோன் நிறுவனத்தின் 348ஆம் எண்ணுள்ள இந்தத் தட்டில் அந்த நிறுவனம் முன்னிறுத்திய பக்கம் ‘ஹே சென்யோரீட்டா’. வானொலியில் மறுபக்கமான ‘ஏர்த் ஏஞ்சல்’ ஒலித்த பிறகுதான் நேயர்கள் இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

கட்டுரையில் பில்போர்டின் தரவரிசைப் பட்டியலான ‘ஹாட் 100’ என்று வருவதும் பிழை. அந்தப் பட்டியல் தொடங்கியதே 1958 ஆகஸ்டில். அதற்கு முன் கடை விற்பனை, ஜூக்பாக்ஸ், வானொலி மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் இருந்தன. பெங்குவின்ஸ் ரிதம் அண்ட் புளூஸில் முதலிடம், பாப்பில் 8ஆம் இடம். அதே பாட்டை மெர்குரி நிறுவனத்துக்குப் பாடிய வெள்ளையர் குழுவான குரூ கட்ஸ் பாப்பில் 3ஆம் இடம். விமர்சனத்தைவிட இந்த இடைவெளியே அன்றைய வரவேற்பைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கார் ஷெட்டில், குரலும் வாத்தியங்களும் சேர்ந்தே பதியும் ஒற்றைத் தடத்தில் எடுத்த பதிவு இது. டிரம்ஸ் குரலை அமுக்கிவிடாதிருக்கத் தலையணை வைத்து அடக்கினார்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் மறுபடி முதலிலிருந்து. முதன்மைப் பாடகர் கிளீவ்லண்ட் டங்கனின் குரல் காதருகே நிற்பதும், தாளம் மொத்தென்று பின்னால் விழுவதும் அதனால்தான். என் காதுக்கு அதுவே இதன் அழகு. குழு பின்னாளில் மெர்குரிக்கு இதையே மறுபடி பாடியது. தொகுப்பு வாங்குவோர் உறையில் ‘டூட்டோன்’ என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். 2004இல் அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் ஏறியது அந்தக் கார் ஷெட் பதிவுதான்.

அக்காலப் பில்போர்டு இதழ்கள் கூகுள் புக்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1954இன் கடைசி மாதங்களில் வந்த இதழ்களில் ரிதம் அண்ட் புளூஸ் பகுதியைச் சரிபார்த்துத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்,
கோவை