செல்விக்கு முதலில் நெட்வொர்க் பாக்கெட் பார்க்கத் தெரியட்டும்

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே கீதாவுக்கு இடமாற்றம் ஆகிவிட்டது. தினமும் அலுத்துக்கொண்டே பஸ்ஸில் போய்வருகிறாள்.

செல்வி விஷயத்துக்கு வருகிறேன். எத்திக்கல் ஹேக்கிங், அதாவது அனுமதியோடு கணினிகளின் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் வேலை, அந்த வகுப்புக்கு எண்பதாயிரம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்குக் கட்டாதே. முதல் வாரமே ஹேக்கிங் டூல்கள் நிரம்பிய காளி லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கையில் கொடுத்து, இந்த டூலை ஓட்டு, அந்த டூலை ஓட்டு என்பார்கள். திரையில் என்னென்னவோ ஓடும், ஏன் ஓடுகிறதென்று தெரியாது. கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பதே பிடிபடாமல் பாதுகாப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது?

நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருள் இலவசம்தான். அதைப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருக்கும் இரண்டு கணினிகளுக்கு நடுவே டெல்நெட்டில் (எதையும் மறைக்காமல் அனுப்பி இன்னொரு கணினிக்குள் நுழையும் பழைய முறை) லாகின் செய்து பார்க்கச் சொல். பிடித்த பாக்கெட்டுகளைக் கோத்து ஒரே உரையாடலாகக் காட்டும் வசதி அதில் உண்டு. யூசர்நேமின் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரியும், அடித்த எழுத்தை சர்வர் திருப்பி அனுப்புவதால். பாஸ்வேர்டு திரையில் தெரியக் கூடாதென்று அதை மட்டும் திருப்பி அனுப்பாது. விளைவு, பாஸ்வேர்டு ஒற்றை ஒற்றை எழுத்தாகப் பளிச்சென்று நிற்கும்! பிறகு அதையே, எல்லாவற்றையும் என்கிரிப்ஷன் செய்து, அதாவது புரியாதபடி மாற்றி அனுப்பும் எஸ்எஸ்ஹெச்சில் செய்து பார்க்கட்டும். வெறும் கிறுக்கல்தான் வரும். என்கிரிப்ஷன் எதற்கென்று அதன்பின் யாரும் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஏஆர்பி, அதாவது உள்நெட்வொர்க்கில் ஒரு ஐபி முகவரி எந்தக் கணினியுடையது என்று கண்டுபிடிக்கும் முறை. "192.168.1.1 யார்?" என்று ஒரு கணினி உள்நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். எவன் "நான்தான்" என்றாலும் நம்பிவிடும். 1982-இல் வந்த நெறிமுறை அது, பதில் சொன்னவன் உண்மையானவனா என்று சோதிக்க அதில் வழியே வைக்கவில்லை. நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்பவர்களுக்கு அதுதான் வசதி. எழுதியவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அன்று ஒரே நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் தெரிந்த முகங்கள்.

கடையில் புதிதாகக் கேமரா வைத்திருக்கிறாயே, அதன் பாஸ்வேர்டை மாற்றினாயா? 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கக் கேமரா, டிவிஆர், ரவுட்டர்களைப் பிடித்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. கம்பெனியே வைத்து அனுப்பும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை டெல்நெட்டில் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிச் சேர்த்த படையால் அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை (இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சேவை) அடித்தபோது, அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திறக்கவில்லை. கேமரா மாட்டியவரைக் கேட்டால் "அதெல்லாம் தேவையில்லை சார்" என்பார். நீயே மாற்றிவிடு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவை. பழகுவதெல்லாம் சொந்தக் கணினிகளில்தான். கல்லூரி வைஃபையிலோ பக்கத்து வீட்டிலோ கை வைத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், சமயத்தில் இரண்டுமே.

பரணில் பழைய ரவுட்டர் ஒன்று கிடக்கிறது, அவளுக்குப் பார்சலில் அனுப்புகிறேன். டெல்நெட் சர்வரை ஏற்றுவதில் எங்காவது சிக்கினால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் பண்ணச் சொல். அதுவரை ஆபீசில்தான் கிடப்பேன்.

அன்புடன்,
சேகர்