ஒரு வருஷ லாபத்தை மட்டும் பார்த்து வரி போடாதீர்கள்: நிதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய நிதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் சிறு பனியன் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். அதிகம் சம்பாதிப்பவர் அதிக விகிதத்தில் வரி கட்டுவது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த விகிதத்தை ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியாகப் போடுவதில்தான் அநியாயம் இருக்கிறது.

புரொப்ரைட்டராக, அதாவது கம்பெனி தொடங்காமல் தனி உரிமையாளராக, தொழில் செய்யும் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு ஆண்டும் தலா 16 லட்சம் லாபம். 2025-26 நிதியாண்டின் புதிய வருமான வரி முறை விகிதப்படி, செஸ் நீங்கலாக, ஆண்டுக்கு வரி 1,20,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு 2,40,000. மற்றவருக்கு முதல் ஆண்டு 32 லட்சம், அடுத்த ஆண்டு ஒன்றுமே இல்லை. அவர் கட்டுவது 5,40,000. சம்பாதித்தது ஒரே தொகைதான்.

கடன் வாங்கிப் புது மெஷின் போட்டு, பெரிய ஆர்டரை நம்பி இறங்குபவருக்குத்தான் லாபம் இப்படி ஏறி இறங்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியது போன்ற அடி எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்? நல்ல ஆண்டில் மேல்மட்ட லாபத்தில் 30 சதவீதம் போகும், கெட்ட ஆண்டில் கைகொடுக்க யாரும் இல்லை என்றால், இருக்கிற மெஷினே போதும் என்றுதான் தோன்றும்.

நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் முன்னே கொண்டுபோகலாம், சரி. ஆனால் போன ஆண்டு லாபத்தில் கழித்து, கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. யூனிட்டை மூடிவிட்டவருக்கு அந்த எட்டு ஆண்டுகளால் என்ன பயன்? நஷ்டத்திலும் அரசு முழுப் பங்கு ஏற்றால், வரி துணிச்சலைக் குறைக்க வேண்டியதில்லை என்று டோமார், மஸ்கிரேவ் என்ற பொருளியலாளர்கள் 1944லேயே காட்டிவிட்டார்கள்.

கம்பெனியாக மாறினால் 22 சதவீதம்தானே என்பார்கள். பத்துத் தையல் மெஷின் வைத்திருப்பவரால் கம்பெனிச் சட்டச் செலவுகளைத் தாங்க முடியாது.

வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. சம்பள அரியர்ஸ் மொத்தமாக வந்தால், அதை உரிய ஆண்டுகளுக்குப் பிரித்துப் பார்த்து நிவாரணம் தர வருமான வரிச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. பிரிட்டனில் விவசாயிகள் இரண்டு அல்லது ஐந்து ஆண்டு லாபத்தைச் சராசரியாக்கி வரி கட்டலாம்.

அதே வசதியைச் சிறு புரொப்ரைட்டர்களுக்கும் கொடுங்கள். மூன்று ஆண்டுச் சராசரி, ஓராண்டு நஷ்டத்தைப் பின்னோக்கிக் கழிக்கும் உரிமை, இந்த இரண்டும் அடுத்த பட்ஜெட்டில் வர வேண்டும்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு கணக்கர்