செயலாளரின் ஆண்டறிக்கை: ஷீல்டும் கோத்தகிரி சனிக்கிழமைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நம் கோத்தகிரி திரையிடல் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மண்டப வாடகை, புரொஜெக்டர் பழுது, சந்தா ஆகிய கணக்குகளைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும். சனிக்கிழமை திரையிடலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடிக்கும் விதியை இந்த ஆண்டும் காப்பாற்றினோம். ஹட்டிகளுக்கு, அதாவது சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்குப் போகும் கடைசி பஸ் ஒரு காரணம், இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டத்து வழியில் நடமாடும் கரடியும் காட்டெருமையும் இன்னொரு காரணம். ஐப்பசி மழையில் கரண்ட் இல்லாமல் சில வாரங்கள் போயின. ஞாயிறுகளில் ஈடுகட்டினோம்.

இனி முக்கிய விஷயம். இந்த ஆண்டு ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ தொடரை முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பது என்று போன பொதுக்குழுவில் தீர்மானித்தோம். மார்வெல் சூப்பர்ஹீரோ படங்களின் உலகத்தில் ஷீல்ட் என்ற ரகசிய உளவு அமைப்பின் கதை. 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கி 2020 ஆகஸ்டில் முடிந்த தொடர். ஏழு சீசன், 136 எபிசோடு. பார்த்து முடித்துவிட்டோம். சண்டைதான் இன்னும் முடியவில்லை.

முதல் மாதம் புகார் நோட்டில் பல கையெழுத்தில் ஒரே கேள்வி இருந்தது: கதை எப்போது ஆரம்பிக்கும்? வாரத்துக்கு ஒரு மர்மப் பொருள், அதன் பின்னால் ஒரு வில்லன், விமானத்துக்குள் கொஞ்சம் கேலிப்பேச்சு என்றே போனது. சிலர் பக்கத்து அறையில் கேரம் போர்டைத் தேடிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழி எங்கே விழ வேண்டும் என்பதை இந்த அறிக்கையில் பதிவுசெய்ய விரும்புகிறேன். ஷீல்டுக்குள்ளேயே ஹைட்ரா என்ற எதிரி அமைப்பு புகுந்திருக்கிறது என்பதுதான் அந்த சீசனின் உயிர். அதை முதலில் சொல்லும் உரிமை கேப்டன் அமெரிக்காவின் இரண்டாவது படத்துக்கு இருந்தது. படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது 2014 ஏப்ரல் 4. தொடரில் குட்டு உடைந்தது நான்கு நாள் கழித்து, பதினேழாவது எபிசோடில். அதுவரை எழுதியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நேரத்தை ஓட்ட வேண்டியிருந்தது. கேரம் ஆடப் போனவர்கள் திரும்பி வந்தபோது, ஷீல்ட் குழுவில் ஒருவனான வார்டு துரோகி என்று தெரிந்த அதிர்ச்சியில் மண்டபமே கத்திக்கொண்டிருந்தது. அவன் பேரில் ஒரு ஆதரவுக் கோஷ்டி உருவானது இந்த ஆண்டின் எதிர்பாராத வளர்ச்சி. அவர்களோடு நான் பேசுவதை நிறுத்தியிருக்கிறேன்.

அப்புறம் கோல்சன் விவகாரம். தொடரில் ஷீல்ட் குழுவின் தலைவர். 2012இல், அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ கூட்டத்தின் முதல் படத்தில் வில்லன் லோக்கி கையால் செத்தவர். அந்தச் சாவுதான் அவெஞ்சர்ஸ் ஆட்களை ஒன்றாகச் சேர்த்தது. தொடர் அவரை எழுப்பி உட்கார வைத்தது. ஷீல்டின் இயக்குநர் ஃபியூரி செய்த ஏற்பாடு. சரி, எழுந்தவர் உலகத்தை எத்தனை முறை காப்பாற்றினாலும் அடுத்து வந்த படங்களில் யாரும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பந்தல் முதல் பந்தி வரை பார்த்துக்கொண்ட சொந்தக்காரர் ஆல்பத்தில் மட்டும் இல்லாத கதைதான் இது. 2019இல் கேப்டன் மார்வெல் படத்தில் அந்த நடிகர் கிளார்க் கிரெக் மறுபடி வந்தபோது நம் உறுப்பினர்கள் சிலருக்கு நம்பிக்கை பிறந்திருக்கிறது. ஆனால் அது 1995இல் நடக்கும் கதை; கோல்சன் சாவதற்கு முந்தைய காலம். அதனால், ‘கோல்சன் உயிரோடு வந்ததை அவெஞ்சர்ஸுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்’ என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யாருக்கு அனுப்புவது என்று தெரியாததால் கோப்பில் இருக்கிறது.

ஐந்தாம் சீசனின் முடிவில், அவெஞ்சர்ஸ் படங்களின் பெரிய வில்லன் தானோஸைப் பற்றியும் நியூயார்க் தாக்குதலைப் பற்றியும் பேச்சு அடிபடும். பாதி உலகம் சாம்பலாகும் கதை படத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஆறாம் சீசன், அதன் அடுத்த படமான எண்ட்கேம் வெளிவந்த இரண்டு வாரத்தில் தொடங்கியது. அதில் அந்தச் சாம்பலைப் பற்றிப் பேச்சே இல்லை. இதற்கு விளக்கம் கேட்டு ஒருவர் எழுந்து நின்றார். என்னிடம் விளக்கம் இல்லை, டீ மட்டும் இருந்தது.

குழுவின் விஞ்ஞானிக் காதலர்களான ஃபிட்ஸையும் சிம்மன்ஸையும் சேரவே விடாமல் அடித்ததும் கடும் கண்டனத்துக்கு ஆளானது. கடலடியில் அடைபட்டு ஃபிட்ஸின் மூளை பாதிக்கப்பட்டது, அடுத்து சிம்மன்ஸை ஒரு கல் விழுங்கி வேற்றுக்கிரகத்தில் துப்பியது, அப்புறம் ஒருவர் எதிர்காலத்தில், மற்றவர் உறைந்த தூக்கத்தில். கல்யாணம் முடிந்த சீசனிலேயே மாப்பிள்ளை செத்தும் போனார். இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சிம்மன்ஸ் அந்தக் கிரகத்தில் தனியாகக் கிடந்த மூன்றாம் சீசன் எபிசோடு அன்று மண்டபத்தில் யாரும் போனை எடுக்கவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும்.

ஷீல்ட் ஏஜென்ட்டுகளான பாபியையும் ஹண்டரையும் புதுத் தொடர் ஒன்றுக்காகப் பாதியில் அனுப்பிவிட்டு, 2016இல் அந்தத் தொடரே வேண்டாம் என்று ஏபிசி ஒதுக்கியது. அவர்கள் இருவரும் மதுக்கடையில் விடைபெற்ற காட்சிக்குப் பிறகு இந்தச் செய்தியை நான் சொல்லியிருக்கக்கூடாது என்று மூத்த உறுப்பினர்கள் கருதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை.

என் கருத்து கேட்டால், நான்காம் சீசன்தான் உச்சம். படங்களின் தயவை எதிர்பார்க்காமல் கோஸ்ட் ரைடர் என்ற நெருப்பு மண்டையோட்டு நாயகன், மனிதனைப் போன்ற ரோபோக்கள், ஹைட்ரா ஆளும் போலி உலகம் என்று அந்த ஒரே சீசனில் மூன்று கதை. நல்ல பிள்ளை ஃபிட்ஸ் அந்தப் போலி உலகத்தில் ஈரமில்லாத கொடியவனாக நின்றதைப் பார்த்து வார்டு கோஷ்டிகூட வாயடைத்துப்போனது, ஏனென்றால் அங்கே வார்டுதான் நல்லவன். இந்த சீசனை ஏபிசி இரவு பத்து மணிக்குத் தள்ளியது. அடுத்த சீசனை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளியது.

அடுத்த ஆண்டுக்கு அதே மார்வெல் உலகத்து ‘ஏஜென்ட் கார்ட்டர்’ தொடரை நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. இரண்டு சீசன், 18 எபிசோடுதான். மழைக்கு முன்பே முடிந்துவிடும். அதில் வரும் ஜார்விஸ் என்ற பாத்திரம், டிவி தொடரிலிருந்து வந்தும், எண்ட்கேமில் ஒரு காட்சியில் வந்துபோகிறார் என்பதைக் கோல்சன் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்கள் பொறுமையோடு ஏற்க வேண்டும். கடைசி எபிசோடில் ஒருவர் சுடப்படுவார். சுட்டவர் யார் என்று சொல்லாமலே தொடர் ரத்தாகிவிட்டது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு புகார் நோட்டில் என் பெயரை எழுத வேண்டாம்.

நிர்வாகிகள் தேர்தல் டீக்குப் பிறகு நடக்கும்.

இவண்,
செயலாளர்