லூப் லைனில் நின்ற பயணிகள் வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் வெளியான கட்டுரையில், அமெரிக்காவில் பிள்ளைகளின் வீட்டுக்குச் செல்லும் பெற்றோர் அந்நாட்டை ரயிலில் சுற்றிப் பார்க்க நினைப்பது வீண் வேலை என்றும், அங்கே நெடுந்தூர வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாக ஓடுவதற்கு ஊழியர்களின் அலட்சியமே காரணம் என்றும் எழுதப்பட்டிருந்தது. தெற்கு ரயில்வேயில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி நிலைய மேலாளராக ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், மனைவியுடன் சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை ரயிலிலேயே சென்று ரயிலிலேயே திரும்பியவன் என்ற முறையிலும், இந்த இரண்டு கருத்துகளையும் மறுத்துச் சிலவற்றை எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

தாமதம் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் காரணம் ஊழியரிடம் இல்லை, தண்டவாளம் யாருடையது என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பயணிகள் வண்டிகளை நடத்தித் தனியார் கம்பெனிகள் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பொறுப்பை மட்டும் அவற்றிடமிருந்து பிரித்தெடுத்து ஆம்ட்ராக் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். 1971 மே 1 அன்று அது வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. வண்டி கைமாறியதே தவிரப் பாதை கைமாறவில்லை. சுமார் 34,000 கி.மீ. தூரத்துக்கு ஆம்ட்ராக் வண்டிகள் ஓடுகின்றன என்றாலும், கிழக்குக் கடற்கரையை ஒட்டிய பகுதி போன்ற சிலவற்றைத் தவிர, ஏறக்குறைய எல்லாமே சரக்கு ரயில் கம்பெனிகளின் சொந்தப் பாதைகள். சிக்னல் கொடுப்பவர், எந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவர் எல்லாரும் அந்தக் கம்பெனிகளின் ஆட்கள். வாடகை வீட்டில் குடியிருப்பவர் மொட்டை மாடிச் சாவியைக் கேட்டு நிற்பதைப் போன்ற நிலை இது.

பயணிகள் வண்டிக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 1973-லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் அதை மீறும் கம்பெனியின் மீது ஆம்ட்ராக் நேரடியாக வழக்குப் போட முடியாது. அந்நாட்டு அரசின் நீதித்துறை அமைச்சகம்தான் போட வேண்டும். 1979-இல் ஒரு முறையும் 2024-இல் ஒரு முறையும் அப்படிப் போட்டார்கள். ஐம்பது ஆண்டுகளில் இரண்டே வழக்குகள் என்றால் சட்டத்தின் பலம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

சட்டத்தைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. ரயில்வேயில் இருந்தவர்களுக்கு அது உடனே விளங்கும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று லூப் லைனில், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்கப் பாதையில், ஒதுங்கி நிற்க வேண்டும். நம் நாட்டில் லூப்பின் வழக்கமான நீளம் 686 மீட்டர். நமது நிலக்கரி வண்டி அதற்குள் அடங்கிவிடும். ஆகவே சரக்கு வண்டியை லூப்பில் போட்டுவிட்டு எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனைக் கொடுப்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடமான வேலை. அமெரிக்காவிலோ மூன்று கி.மீ. நீளமுள்ள சரக்கு வண்டி அதிசயமே அல்ல. அதை அடக்கும் அளவுக்கு லூப் எல்லா இடங்களிலும் கிடையாது. எனவே, முன்னுரிமை யாருக்கு என்று சட்டம் எதைச் சொன்னாலும், லூப்பில் அடங்கக்கூடிய சின்ன வண்டிதான் ஒதுங்கியாக வேண்டும். அந்தச் சின்ன வண்டி பயணிகள் வண்டியாக இருக்கிறது.

யூட்டா மாநிலத்தில் கிரீன் ரிவர் என்ற சிற்றூரைத் தாண்டிய பிறகு, ஒரு மாலை வேளையில், மனித வாடையே இல்லாத செம்மண் வெளியில் எங்கள் வண்டி இப்படி ஒதுங்கி நின்றது. சுற்றியிருந்தவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஜன்னலோரம் போய் எதிரே வந்த வண்டியின் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன். முன்னால் நான்கு இன்ஜின், நிலக்கரிப் பெட்டிகள், எண்ணெய் டாங்கர்கள், நடுவில் மறுபடியும் ஒரு இன்ஜின். 112 வரை எண்ணினேன், அதற்குமேல் இருட்டிவிட்டது. கடைசிப் பெட்டி கடந்தபோது என்னை அறியாமல் எழுந்து நின்று பின்னால் எல்.வி. பலகை இருக்கிறதா என்று பார்த்தேன். வண்டி முழுதாக வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளமான அந்தப் பலகையைத் தேடாத நிலைய மேலாளர் கிடையாது. அங்கே பலகையும் இல்லை, கார்டு வேனும் இல்லை. கப்ளிங்கில் மாட்டிய சிறு பெட்டி ஒன்று சிவப்பு விளக்கை விட்டு விட்டு எரியவைத்துக்கொண்டு போயிற்று. பிரேக்கின் காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்பதை இன்ஜினுக்கு வானொலி அலையில் சொல்லிக்கொண்டிருக்கும் கருவி அது. கொடியசைக்கக் கை தூக்கியவன் கையை இறக்கிக்கொண்டேன் என்று என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

நம் நாட்டோடு ஒப்பிட்டு அவர்களை இளக்காரமாகப் பேசுவதும் சரியல்ல. ஆம்ட்ராக் 2024 நிதியாண்டு முழுவதும் ஏற்றிச் சென்ற பயணிகள் சுமார் 3.28 கோடி, நம் ரயில்களில் ஒரே நாளில் சுமார் இரண்டு கோடிப் பேர் போகிறார்கள். அங்கே அன்றாட வேலைக்கு நெடுந்தூர வண்டியை நம்புவோர் குறைவு. ஊர் பார்க்க வந்தவர்களும், விமானம் ஏற விரும்பாதவர்களும், வழியில் விமான நிலையமே இல்லாத சிற்றூர்க்காரர்களும்தான் அதில் ஏறுகிறார்கள். ஆகவே குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டிய காரியத்தை வைத்துக்கொண்டு அதில் ஏறக்கூடாது. கலிபோர்னியாவில் இறங்கிய அன்றே விமானத்துக்கு முன்பதிவு செய்வது தவறு. ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். கட்டுரையாளர் இதைச் சொல்லியிருந்தால் போதும், போகவே வேண்டாம் என்று சொல்லியிருக்கத் தேவையில்லை.

நாங்கள் ஏறிய கலிபோர்னியா செஃபிர் சிகாகோவிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் பிற்பகல் இரண்டு மணியளவில் கிளம்பும் வண்டி. 3,924 கி.மீ. தூரத்தை இரண்டு இரவும் ஏறத்தாழ 52 மணி நேரமுமாகக் கடக்கிறது. மகள் வீடு இருக்கும் நேப்பர்வில்லிலேயே அது நிற்கும் என்றாலும், 1925-இல் திறக்கப்பட்ட சிகாகோ யூனியன் ஸ்டேஷனின் பெரிய கூடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையால் நகரத்துக்குப் போய் ஏறினோம். அயோவா, நெப்ராஸ்கா சமவெளியை மாலையும் இரவுமாகத் தாண்டிவிடுகிறது, காலையில் டென்வர். அங்கிருந்து ராக்கி மலை ஏறுவது பகல் வெளிச்சத்தில் நடக்கும்படி அட்டவணை அமைத்திருக்கிறார்கள். இது தற்செயல் அல்ல. இதே பெயரில் 1949-இல் ஓடத் தொடங்கிய பழைய வண்டியையும் மலைகள் பகலில் வரும்படியே விட்டார்கள்.

டென்வரைத் தாண்டி மலையேறும் ஒரு பெரிய வளைவில், பக்கத்துத் தண்டவாளத்தில் பழைய சரக்குப் பெட்டிகள் வரிசையாக அசையாமல் நிற்கின்றன. கண்டம் செய்யப்பட்ட பெட்டிகளை ஏன் மலையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் காற்று வண்டியைக் கவிழ்த்துவிடும் அளவுக்கு வலுவானது என்பதால், அந்தப் பெட்டிகளில் மணலை நிரப்பித் தண்டவாளத்தோடு பற்றவைத்துக் காற்றுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்று கண்டக்டர் சொன்னார். பொறியியல் புத்தகத்தில் இல்லாத, ஷெட்டில் வேலை செய்த யாரோ ஒருவருக்குத் தோன்றிய யோசனையாகத்தான் அது இருக்க வேண்டும். அதற்கு மேல் 1928-இல் திறக்கப்பட்ட மொஃபட் சுரங்கம், சுமார் 10 கி.மீ. நீளம், நமது தொட்டபெட்டாவைவிட உயரமான இடத்தில். டீசல் புகை உள்ளே வரக்கூடாது என்பதற்காக, சுரங்கத்தைக் கடக்கும் வரை யாரும் பெட்டிவிட்டுப் பெட்டி போய்க் கதவைத் திறக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்கள். மலையின் அந்தப் பக்கம் கொலராடோ ஆறு நெடுநேரம் கூடவே வருகிறது. ஆற்றில் படகு விடும் இளைஞர்கள் ரயிலைக் கண்டதும் செய்யும் ‘மரியாதை’யைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதாமல் விட்டது நியாயம், நானும் எழுதப்போவதில்லை.

நாங்கள் படுக்கை அறை எடுக்கவில்லை, சாதாரண இருக்கைதான். கால் நீட்டிப் பின்னால் சாய்ந்துகொள்ளலாம். நம் ஊர் மூன்றாம் வகுப்பு ஏசியின் நடு பெர்த்தைவிட நான் அதில் நன்றாகத் தூங்கினேன். நடைமேடை தரையோடு தரையாக இருப்பதால், நிற்கும் இடத்திலெல்லாம் பெட்டி உதவியாளர் மஞ்சள் நிற முக்காலி ஒன்றைக் கீழே வைத்துக் கைபிடித்து இறக்கிவிடுகிறார். யார் எங்கே இறங்க வேண்டும் என்பதை ஒரு சிறு தாளில் நிலையக் குறியீடாக எழுதி இருக்கைக்கு மேல் செருகி வைப்பார்கள். நள்ளிரவில் இறங்க வேண்டியவரை அந்தச் சீட்டைப் பார்த்தே தட்டி எழுப்புகிறார்கள். கணினி யுகத்திலும் அந்தச் சீட்டை அவர்கள் விடவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். குளிர்தான் கடுமை. நாங்கள் கொண்டுபோன மெல்லிய சால்வைகள் முதல் இரவிலேயே தோற்றுவிட்டன. தவறு எங்களுடையது, கம்பளி கொண்டுபோக வேண்டும். புளியோதரை இரண்டாம் நாள் மதியம் வரை தாங்கிற்று.

கண்ணாடி கூரை வரை வளைந்து செல்லும் பொதுப் பெட்டி ஒன்று இருக்கிறது. அங்கே யாரும் போய் உட்காரலாம். என் மனைவியின் பக்கத்தில் ஆமிஷ் சமூகத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், தலையில் வெள்ளைத் துணித் தொப்பியும் கணுக்கால் வரை தொங்கும் கருநீல உடையுமாக உட்கார்ந்திருந்தார். காரோ விமானமோ வேண்டாம் என்று வாழும் அவர்கள் நெடுந்தூரம் போக ரயிலைத்தான் நாடுகிறார்கள். இருவருக்கும் பொதுவான மொழி என்று பார்த்தால் கொஞ்சம் ஆங்கிலம்தான். அந்த அம்மாள் சேலைத் தலைப்பை விரலால் தொட்டுப் பார்த்து, இதில் ஊசி எங்கே குத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டார்; இவள் தன் தோளில் இருந்த ஊக்கைக் காட்டினாள்; அவர் தன் உடையில் பொத்தானுக்குப் பதிலாகக் குத்தியிருந்த குண்டூசிகளைக் காட்டினார். மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்தும் அண்டை வீட்டாரோடு இவ்வளவு பேச்சு நடந்ததில்லை.

செலவு விஷயத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவரும் வாங்கக்கூடிய ரயில் பாஸ் ஒன்று உண்டு. நாங்கள் வாங்கியபோது ஒருவருக்கு 499 டாலர், 30 நாளில் பத்துப் பயணங்கள். நமது சுற்றுப் பயணச் சீட்டைப் போல வழியில் இறங்கி ஏறலாம் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் ஒரு வண்டியில் ஏறி இறங்கினால் அது ஒரு பயணம். ஊர் பார்க்க டென்வரில் இறங்கியதும் ஒன்று கழிந்தது. திரும்பும் வழியில் லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி வந்தும் நான்குதான் செலவாயின, மீதி ஆறும் வீண். இரண்டு மூன்று வண்டிகளில் மட்டும் போகிறவர்கள் தனிச்சீட்டுகளின் விலையை முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாஸ் கையில் இருந்தாலும் ஒவ்வொரு வண்டிக்கும் இடம் முன்பதிவு செய்தாக வேண்டும். படுக்கை அறை அதில் சேராது. பாஸ்போர்ட் அசலையும், அந்நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவை இணையத்திலிருந்து அச்செடுத்த தாளையும் கைப்பையிலேயே வைத்திருப்பது அவசியம்.

மூன்றாம் நாள் காலை ரீனோவைத் தாண்டிச் சியரா மலையில் ஏறும்போது, நான் இரண்டு நாளாகக் காத்திருந்த பாதை வந்தது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்ட தண்டவாளங்கள் 1869 மே 10 அன்று யூட்டாவில் சந்தித்தன என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். மேற்கிலிருந்து வந்த பகுதிக்காக இந்தக் கருங்கல் மலையைக் கையால் குடைந்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். பனியிலும் வெடியிலும் மாண்டவர்களின் சரியான கணக்கு கிடையாது. 1882-இல் அதே நாடு சீனத் தொழிலாளர் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் நம்மவர் மாண்ட கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்த மலையைக் கடந்த ஒரு மணி நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

இறுதியாக ஒரு திருத்தம். இந்த வண்டி சான்பிரான்சிஸ்கோ வரை செல்வதாகக் கட்டுரையில் அச்சாகியுள்ளது. அது வளைகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள எமரிவில்லிலேயே நின்றுவிடும். அங்கிருந்து பாலத்தின் வழியே நகரத்துக்குள் செல்லப் பேருந்து காத்திருக்கிறது. பயணச்சீட்டை எமரிவில்லோடு முடிக்காமல் சான்பிரான்சிஸ்கோ வரை என்று கேட்டு வாங்கினால் பேருந்துக்கும் சேர்த்தே தருவார்கள். இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலைய மேலாளர் ஒருவர்,
விழுப்புரம்.