ஒற்றை லோகோக்களின் ஆண்டு: ரயில் ஆர்வலர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஒரே ரயில்வே, ஒரே பொருள், ஆண்டு முழுக்க" என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறியபோது, மூன்றாம் மாதமே கூட்டம் கரைந்துவிடும் என்று உள்ளூர நினைத்தவர்களில் நானும் ஒருவன். பிரிட்டிஷ் ரயில்வேயில் சோதனைக்காக ஓட்டிய டீசல் லோகோக்களை, அதாவது ரயில் பெட்டிகளை இழுக்கும் வண்டிகளைப் பற்றிக் கேட்க யார் வருவார்கள் என்பது என் ஐயம். வந்தார்கள். ஆளில்லாமல் ஒரு கூட்டமும் தள்ளிப்போகவில்லை. ஒன்று மட்டும் புரொஜெக்டர் பல்பு போனதால் பாதியில் நின்றது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பேசியவற்றை நான் சொல்கிறேன்.

10000 என்ற எண்ணுள்ள லோகோவில் தொடங்கினோம். 1947 டிசம்பரில் டெர்பி பணிமனையிலிருந்து அது வெளியே வந்தது. தலைமைப் பொறியாளர் எச்.ஜி. ஐவட். 1948 ஜனவரி 1 அன்று ரயில்வே நாட்டுடைமையானது. அதாவது, சில வாரங்களில் மறையப்போகும் லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே கம்பெனியின் எல்.எம்.எஸ். என்ற எழுத்துகளை உலோகத்தில் செய்து லோகோவின் இரு பக்கமும் பொருத்தியிருந்தார்கள். பெயிண்டில் எழுதியிருந்தால் அழிப்பது எளிது. இது தற்செயல் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 1600 குதிரைத்திறன் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போகும். புதுமை என்று பெரிதாக எதுவும் இல்லை. 1948-இல் 10001 வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கோத்து, 'ராயல் ஸ்காட்' விரைவு ரயிலை லண்டன் யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோ வரை இழுக்கவைத்தார்கள். "இரண்டு போட்டுத்தானே இழுத்தது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சரியான கேள்விதான். தெற்குப் பகுதிக்காகக் கட்டிய 10201, 10202 வழியாக 1954-இல் 10203 வந்தபோது ஒரே எஞ்சினில் 2000 குதிரைத்திறன் கிடைத்தது. அதை அடியொற்றிப் பிறந்தவையே கிளாஸ் 40 என்ற வகை லோகோக்கள், மொத்தம் 200. மூத்தவையான 10000, 10001 இரண்டும் 1968-இல் பழைய இரும்பாக வெட்டப்பட்டன. இப்போது இங்கிலாந்தில் சில ஆர்வலர்கள், அதே வகைப் பழைய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, 10000-ஐ மறுபடி உருவாக்கப் பாடுபடுகிறார்கள்.

10800-க்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினோம். 827 குதிரைத்திறன், கிளைப் பாதைகளுக்கானது. அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

ஆண்டின் சிறந்த கூட்டம் ஃபெல் லோகோவுக்கானது. லெப்டினன்ட் கர்னல் எல்.எஃப்.ஆர். ஃபெல்லின் யோசனையில் 1950-இல் டெர்பியில் கட்டிய 10100 அது. ஜெனரேட்டரும் இல்லை, மோட்டாரும் இல்லை, எல்லாம் பல்சக்கரம். நான்கு பாக்ஸ்மன் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 500 குதிரைத்திறன். அவற்றுக்குள் காற்றைத் திணிக்க மட்டும் தனியாக இரண்டு சிறிய எஞ்சின்கள். ஆக ஓர் உடம்பில் ஆறு எஞ்சின். நான்கின் சுழற்சியையும் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் கூட்டிச் சேர்க்கும். அது எப்படி என்று வாயால் விளக்கி மூன்று பேர் தோற்றோம்.

நான்காவதாக, லேத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒரு பலகையை மேசையில் வைத்தார். மரத்தில் கடைந்த பல்சக்கரங்கள், நான்கு கைப்பிடிகள், கடைசியில் ஒரு சக்கரம். "ஒருவர் மட்டும் சுற்றுங்கள்" என்றார். சக்கரம் கால்பங்கு வேகத்தில் நகர்ந்தது. ஆனால் அதை விரலால் நிறுத்தப் பார்த்த என் விரல்தான் நகர்ந்தது. அடுத்தவர் கைகொடுத்ததும் வேகம் இரட்டித்தது. நான்கு பேரும் சுற்றியபோது முழு வேகம். கியர் மாற்றவே இல்லை. எஞ்சின்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் கியர் மாற்றம். அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

நீராவி லோகோவைப் போலப் பக்கவாட்டில் இணைப்புத் தண்டுகள் ஆட ஓடிய டீசல் அது. 1958-இல் மான்செஸ்டர் சென்ட்ரல் நிலையத்தில், பயணிகள் பெட்டிகளைச் சூடேற்றும் கொதிகலனிலிருந்து தீப்பிடித்தது. ஆறு எஞ்சினில் ஒன்றும் குற்றவாளி இல்லை என்பதைக் குறிப்பில் பதியும்படி மூத்தவர் கேட்டுக்கொண்டார், பதிந்துவிட்டேன். 1960-இல் அதையும் உடைத்தார்கள்.

அடுத்து டெல்டிக், 1955. வேகப் படகுகளுக்காக நேப்பியர் நிறுவனம் வடிவமைத்த எஞ்சினை ரயிலில் ஏற்றினார்கள். முக்கோணத்தின் மூன்று பக்கமும் சிலிண்டர்கள், மூன்று முனையிலும் பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் நேருக்கு நேர் வந்து விலகும்: 18 சிலிண்டர், 36 பிஸ்டன். கீழ்முனை ஷாஃப்ட் மட்டும் மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் சுழலும். இதன் அட்டை மாதிரியைக் கல்லூரி மாணவர் ஒருவர் செய்துவந்தார். இரண்டாம் சுற்றிலேயே கிழிந்துவிட்டது, பாவம். இளநீல உடலில் வெண்மஞ்சள் பட்டைகளுடன் ஓடிய அந்தச் சோதனை லோகோவைத் தொடர்ந்து 22 லோகோக்கள் பிரிட்டனின் கிழக்குக் கடற்கரை ரயில் பாதைக்கு வந்தன. முன்னோடி 1963-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போனது. தோற்றவை எல்லாம் இரும்புக்கடைக்குப் போன கதையில் இது ஒன்றுதான் கொடுத்துவைத்தது.

இங்கே ஒரு திருத்தம். நம் செய்திமடலில் டெல்டிக்கின் 3300 குதிரைத்திறன் ஓர் எஞ்சினுடையது என்று வெளியானது. லோகோவில் இருந்தவை இரண்டு, ஒன்றுக்கு 1650. எழுதியவனும் நான், மெய்ப்புப் பார்த்தவனும் நான்.

ஃபெல்லா, டெல்டிக்கா என்று கைதூக்கிப் பார்த்ததில் டெல்டிக் வென்றது. பேரமைதியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

1960-களின் சோதனை லோகோக்களான ஃபால்கன், லயன் இரண்டையும் ஒரே மாலையில் முடித்தோம். வெள்ளை உடலில் பளபளத்த லயனுக்குப் பெரிய ஆர்டர் எதுவும் கிடைக்கவில்லை. ஃபால்கனைக் கட்டிய பிரஷ் நிறுவனம் வென்ற ஒப்பந்தத்திலிருந்து வளர்ந்த கிளாஸ் 47 மட்டும் 512 ஆனது. டெல்டிக்கின் உடற்கூட்டுக்குள் 2700 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை வைத்துக் கட்டிய டி.பி.2 என்ற லோகோ, 1967 ஜூலை 31 அன்று இங்கிலாந்தின் தர்ஸ்க் ஊருக்கு அருகே, தடம்புரண்டு கிடந்த சிமென்ட் வேகன்கள் மீது மோதியது. ஏழு பயணிகள் இறந்தார்கள். லோகோ மறுபடி ஓடவில்லை. அதே எஞ்சின் குடும்பத்தில் கிளாஸ் 50 என்று 50 லோகோக்கள் வந்தன. அன்றைய கூட்டத்தில் தேநீர் இடைவேளை விடவில்லை.

நிறைவாக கெஸ்ட்ரல் என்ற லோகோ. ஒரே சல்சர் நிறுவன எஞ்சினில் 4000 குதிரைத்திறன். ஆனால் அச்சு ஒன்றின் மேல் விழும் எடை அதிகம். வேகமான பயணிகள் ரயிலுக்கு அது ஒத்துவரவில்லை. 1971-இல் சோவியத் யூனியனுக்கு விற்கப்பட்டு அங்கேயே முடிந்துபோனது.

மர மாதிரி இப்போது நூலக அலமாரியில் இருக்கிறது. மூன்றாவது கைப்பிடி தளர்ந்துவிட்டது. சுற்றிப் பார்ப்பவர்கள் அதை மட்டும் மெதுவாகப் பிடிக்கவும். அட்டை மாதிரியைத் தகரத்தில் செய்துதர மாணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நூலகப் புத்தகம் இரண்டு இன்னும் திரும்பவில்லை, வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்