வேட்பாளரின் மதமும் என் வாக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'வேட்பாளரின் மதம் நமக்கெதற்கு?' கட்டுரையைப் படித்தேன். அரசியல்வாதியின் மதம் அவர் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டியது, வாக்காளர் அதை எட்டிப் பார்ப்பதே அநாகரிகம் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அவருடைய நல்ல மனசு புரிகிறது. ஆனால் ஒரு காலத்தில் நான் எட்டிப் பார்த்தவன், அதுவும் தப்பான சந்து வழியாக. அதனால் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

என் முதல் வாக்கு, வாக்குச் சீட்டுக் காலத்தது. சீட்டில் பத்துப் பதினொரு பெயர்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. யார் என்ன செய்தார், என்ன செய்யப்போகிறார் என்று விசாரித்ததும் இல்லை. ஆனால் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் மதத்தைக் கண்டுபிடிக்கும் கண் எனக்கு இருந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் முத்திரையைக் கையில் பிடித்தபடி மேலிருந்து கீழே வந்தேன். நாலாவது பெயரில் கை நின்றது. நம்மாளு. குத்தினேன், மடித்தேன், பெட்டியில் போட்டேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவரே ஜெயித்தார். பின்னாளில் ஒரு மனுவோடு அவர் வீட்டுக்கு மூன்று முறை நடந்தேன். மூன்று முறையும் 'ஐயா பூஜையில் இருக்கார்' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். 'படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்' என்ற பழமொழிக்கு எனக்கு அன்றைக்குத்தான் பொருள் விளங்கியது. வருஷங்கள் கழித்து இதை என் மகளிடம் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "நம்மாளுன்னுதானேப்பா போட்டீங்க? கதவைச் சாத்தினதும் நம்மாளுதானே?"

ஆக, கட்டுரையாளர் எச்சரிக்கிற அந்த வாக்காளன் நான்தான். இருந்தும் அவர் சொல்லும் மருந்தை என்னால் முழுசாக விழுங்க முடியவில்லை.

அவர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். பதவிக்கு வர மதச் சோதனை வைக்கக் கூடாது என்பது அரசுக்கான விதி. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு சொல்வது அதைத்தான். நம் நாட்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 123(3) பிரிவு, மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமில்லை, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் முறைகேடுதான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் அரசையும் வேட்பாளரையும் கட்டுகிற கயிறுகள். தடுப்புக்குப் பின்னால் முத்திரையோடு நிற்கிறவனின் மனசைக் கட்ட எந்தச் சட்டத்தாலும் முடியாது. அங்கே அவன் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சு.

அரசு சோதனை வைத்தால் எவ்வளவு அசிங்கமாகும் என்பதற்குச் சார்லஸ் பிராட்லா கதை போதும். கடவுள் மறுப்பாளர் என்று நாடறிந்தவர். 1880இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் தொகுதி மக்கள், அது தெரிந்தேதான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கிறேன் என்றார் அவர். கூடாது என்றது நாடாளுமன்ற சபை. சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். நம்பிக்கை இல்லாதவன் செய்யும் சத்தியம் செல்லாது என்று அதற்கும் மறுத்தது. ஒரு ராத்திரி நாடாளுமன்ற மணிக்கூண்டிலேயே அடைத்து வைத்தார்கள். 1881 ஆகஸ்டில் சபைக்குள் நுழைய முயன்றவரைக் காவலர்கள் கோட்டு கிழிய வெளியே இழுத்துப்போட்டார்கள். தொகுதி மக்கள் அசரவில்லை. இடைத்தேர்தல் வைக்க வைக்க அவரையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள், பொதுத்தேர்தல்களையும் சேர்த்து மொத்தம் ஐந்து முறை. 1886இல்தான் அவரால் இருக்கையில் நிலையாக உட்கார முடிந்தது. உட்கார்ந்தவர் 1888இல் உறுதிமொழிக்கு இடம் தரும் சட்டத்தையும் கொண்டுவந்துவிட்டார். நார்தாம்ப்டன் செருப்புத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். அவர்களில் எத்தனை பேர் கடவுள் இல்லை என்று நம்பியிருப்பார்கள்? ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். தங்களுக்காகப் பேசுகிறவர் யார் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைக் கட்டுரையாளர் தன் வாதத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் 'வீட்டு வாசலோடு நின்றுவிடும்' என்கிறாரே, அதை உண்மையான பக்தர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாதிரியார். அவருடைய நிறவெறி எதிர்ப்பையும் பைபிளையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட முடியுமா? ஒருவரை நல்லது செய்யத் தள்ளும் நம்பிக்கை வெளியே வரும் என்றால், அடுத்தவர் உரிமையில் கைவைக்கச் சொல்லும் நம்பிக்கையும் அதே வாசல் வழியாக வெளியே வரும். பாடப்புத்தகத்தில் என்ன இருக்க வேண்டும், யாரை யார் மணக்கலாம், மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அனுமதி என்றெல்லாம் கையெழுத்துப் போடப்போகிறவரிடம், அந்தக் கையெழுத்தில் உங்கள் நம்பிக்கைக்கு எவ்வளவு பங்கு என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா?

இப்படிக் கேட்கப்பட்டு நேராகப் பதில் சொன்னவர் ஜான் கென்னடி. கத்தோலிக்கர் ஒருவர் ஜனாதிபதியானால் போப்பின் சொல்படி ஆடுவார் என்ற பயம் அமெரிக்காவில் வலுவாக இருந்த காலம். 1928 ஜனாதிபதித் தேர்தலில் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் தோற்றதில் அதற்கும் பங்குண்டு. 1960 செப்டம்பர் 12 அன்று கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் பாதிரியார்கள் கூட்டத்துக்கே நேரில் போனார். நான் கத்தோலிக்க வேட்பாளர் இல்லை, என் கட்சியின் வேட்பாளர், கத்தோலிக்கனாகவும் இருக்கிறேன் என்றார். தன் மனசாட்சியும் தேச நலனும் மோதிக்கொள்ளும் நிலை வரும் என்று நினைக்கவில்லை, வந்தால் பதவியை விட்டு விலகுவேன் என்றும் சொன்னார். பேசி முடித்த பிறகு அங்கேயே கேள்விகளுக்கும் பதில் சொன்னார். எனக்குப் பிடித்தது அந்த விலகல் வாக்கியம். அது பக்தியைக் குறைத்துக் காட்டவில்லை, பதவியின் கடமையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

தப்பாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2017 பிரிட்டன் தேர்தலில் லிபரல் டெமாக்ரட் தலைவர் டிம் ஃபாரன், ஆழ்ந்த கிறிஸ்தவர். போகிற இடமெல்லாம் பத்திரிகையாளர்கள் அவரிடம் ஒன்றையே கேட்டார்கள்: தன்பாலின உறவு பாவமா? தன்பாலினத் திருமண மசோதாவின் இரண்டாம் வாசிப்பில் அவர் ஆதரித்து வாக்களித்தவர் என்பது சபைக் குறிப்பேட்டில் இருந்தது. அதைப் புரட்டிப் பார்ப்பதைவிட அவர் நெஞ்சைப் பிளந்து பார்ப்பதிலேயே எல்லோருக்கும் ஆர்வம். நழுவி நழுவிப் பார்த்து, கடைசியில் பாவமில்லை என்று சொல்லிவிட்டார். தேர்தல் முடிந்த சில நாளில், விசுவாசமுள்ள கிறிஸ்தவனாக வாழ்வதையும் கட்சித் தலைமையையும் ஒன்றாகத் தூக்க முடியவில்லை என்று விலகினார். அடுத்த வருஷம், அன்று சொன்ன பதில் சரியில்லை, நெருக்கடியில் சொன்னது என்று வருத்தப்பட்டார். அத்தனை கேள்வியும் சேர்ந்து சம்பாதித்தது ஒரு பொய்யான பதில். அவருடைய தொகுதி வாக்காளர் எவருக்கும் அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

2023இல் ஸ்காட்லாந்தில் கேட் ஃபோர்ப்ஸ் என்ற ஆழ்ந்த கிறிஸ்தவர் வேறு மாதிரி நடந்துகொண்டார். ஆளும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்டவர், 2014இல் சபையில் இருந்திருந்தால் தன்பாலினத் திருமணத்துக்கு எதிராகத்தான் வாக்களித்திருப்பேன், ஆனால் இன்று சட்டமாகிவிட்ட அந்த உரிமையில் கைவைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கிட்டத்தட்ட 48 சதவீதம் வாங்கித் தோற்றார். ஜெயித்த ஹம்சா யூசஃபும் மத நம்பிக்கை உள்ளவர்தான், இஸ்லாமியர். தன் மதத்தை வைத்துச் சட்டம் செய்வதில்லை என்றார் அவர். இருவருமே தொழுகிறவர்கள். கட்சி உறுப்பினர்கள் அந்த இரண்டு பதில்களையும் தெரிந்துகொண்டுதான் வாக்களித்தார்கள். ஃபோர்ப்ஸின் கருத்து எனக்கு ஏற்புடையதில்லை. நானும் அவருக்கு வாக்களித்திருக்க மாட்டேன். ஆனாலும் ஏமாற்றாமல் வாக்குக் கேட்டாரே என்ற மரியாதை இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானதை, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் செய்தார்கள். அஹோக் என்று அழைக்கப்பட்ட ஆளுநர் பாசுகி, சீன வம்சாவளிக் கிறிஸ்தவர். அவர் நிர்வாகம் திருப்தி என்று பெரும்பான்மையோர் கருத்துக்கணிப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் மதத்தைப் பார்த்து 2017 ஏப்ரலில் 58க்கு 42 சதவீதம் என்று தோற்கடித்தார்கள். அடுத்த மாதம் மத நிந்தனை வழக்கில் இரண்டாண்டுச் சிறை. அந்த ஊர் வாக்காளர்களை நான் ஏளனம் செய்ய முடியாது. என் நாலாவது பெயர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

போகிற போக்கில் இன்னொன்று. மதம் பார்க்கக் கூடாது என்று மேடையில் முழங்குகிறவர்களில் பாதிப் பேர், வேட்பாளர் தங்கள் மதத்தவராக இருக்கும்வரைக்கும்தான் முழங்குகிறார்கள். பார்க்கத் தேவையில்லாதபடி ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். தேர்தல் தேதி அறிவித்ததும் சிலருக்குப் பக்தி முற்றிவிடுவதும், கேமரா வந்தால்தான் கண் மூடிக்கொள்வதும் தனிக் கதை. நாத்திகம் பேசி ஜெயித்துவிட்டு, மற்றவர் நம்பிக்கையைக் கேலி செய்வதையே கொள்கையாக வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

ஆசிரியரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் பேட்டிகள் போடும்போது, 'நீங்கள் என்ன மதம், கோயிலுக்குப் போவீர்களா' என்பதை விட்டுவிடுங்கள். "உங்கள் நம்பிக்கை ஒன்று சொல்கிறது, சட்டமோ தொகுதி மக்களின் நலனோ வேறொன்று சொல்கிறது, அன்றைக்கு என்ன செய்வீர்கள்?" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். மாற்றாமல் அப்படியே அச்சிடுங்கள். பதில் சொல்லாதவர் பெயருக்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். நான் இதழைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த முறை அரை நிமிஷத்துக்கு மேலேயே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்