சனிக்கிழமை நாடகத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அசதி இன்னும் போகவில்லை, ஆனாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது, மண்டபம் ஏன் மாறியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பக் கிளற மனமில்லை. நாடகம் நடந்தது. ஜெனரேட்டர் இல்லாமல், ஃப்ளெக்ஸ் பேனர் இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் கப்கூட இல்லாமல், குப்பையும் புகையும் குறைவாக, முதலில் சொன்னபடியே நடந்தது. "இந்த நெருக்கடியில அதையெல்லாம் விடுங்கோ, அடுத்த முறை பார்க்கலாம்" என்று பலர் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது சிலர் கூட நின்றதால்தான்.

அதில் முதல் ஆள், புதிய மண்டபத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இடைவேளைத் தேநீருக்கு வாடகைக் கடையிலிருந்து சில்வர் டம்ளர் எடுத்திருந்தோம். குடித்தவர்கள் அதை எங்கே வைப்பார்கள், குப்பையோடு குப்பையாகப் போய்விடுமா என்பதுதான் எங்கள் கவலை. அதற்காக ஒரு அறிவிப்புப் பலகை எழுதிக்கொண்டிருந்தோம். அக்கா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் முன்கூடத்தில் இருந்த பெரிய குப்பை வாளிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் வைத்துவிட்டார். "வாளி கண்ணில பட்டா கை தானா போட்டிரும் தங்கச்சி. இல்லாட்டி கையில வச்சுக்கிட்டே நிப்பாங்க." சனம் உள்ளே திரும்புகிற கதவோரமாக ஒரு மேசை, பக்கத்தில் மிச்சத் தேநீரை ஊற்ற ஒரு வாளி, டம்ளர் போட ஒரு தண்ணீர்த் தொட்டி, வடை வைத்துக் கொடுத்த வாழையிலைத் துண்டுகளுக்கு ஒரு சாக்கு. அவ்வளவுதான். பலகைக்கு வேலையே வரவில்லை, மணி அடித்ததும் எல்லோரும் போகிற வழியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அவருடைய வேலை நேரம் ஆறு மணியோடு முடிந்திருந்தது. ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். வீடு கொழும்பை ஒட்டிய கொலன்னாவைப் பக்கம் என்றார். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் போனார்களே, அந்தப் பக்கம். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருஷம் செப்டெம்பரில் இலங்கையில் ரெஜிபோம் (தெர்மோகோல் மாதிரி வெள்ளை நுரை) சாப்பாட்டுப் பெட்டிக்குத் தடை வந்தது, 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ, மாலைக்கும் வந்தது. தடைகளை எல்லாம் அறிந்துதான் நாங்கள் திட்டம் போட்டோம், ஆனால் ஒரு மண்டபத்தில் சனம் எப்படி நடக்கும், கை எங்கே போகும் என்று தெரிந்தவர் அவர்தான். இனி எந்த நிகழ்ச்சி செய்தாலும் துப்புரவு செய்கிறவர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிட்டு, அவர்கள் நேரத்துக்குக் காசும் கொடுத்துத்தான் தொடங்குவேன்.

எல்ஈடி விளக்குகளைத் தாங்களே கொண்டுவந்து மாட்டித் தந்த மருதானை சிங்கள நாடக நண்பர்களுக்கு நன்றி. ஒவ்வொன்றும் 1000 வாட் இழுக்கும் பழைய பார் லைட் மேடை விளக்குகளோடு இருந்திருந்தால் டீசல் ஜெனரேட்டரும் புகையும் தவிர வேறு வழி இருந்திருக்காது. ராத்திரியோடு ராத்திரியாகத் துணிப் பதாகை எழுதிய தம்பிமாருக்கு, வடை சுட்ட அன்ரிமாருக்கு, காரை விட்டுவிட்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் நன்றி. நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் அதிகப் புகை பார்வையாளர் வந்துபோகிற பயணத்தில்தான், ஆகவே அடுத்த நாடகம் எட்டரைக்குள் முடியும், பஸ்ஸும் ரயிலும் ஓடுகிற நேரத்துக்குள்.

டம்ளர்கள் இன்றைக்குத் திரும்பிப் போகின்றன. கணக்கில் சில குறைகின்றன, யாருடைய பையிலாவது போயிருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் வாடகைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.